மூன்றாவது சிரிப்பு

என் அண்ணியும் என் நாத்தனாரும் ஜென்மத்துக்கும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பதை நம்பித்தான் நான் என் ஆராய்ச்சியையே தொடங்கினேன். குடும்பச் சண்டையால் யாராவது உருப்பட்டிருக்கிறார்களா என்று கேட்பீர்கள். நான் உருப்படுவதாக இருந்தேன்.

அண்ணி, என் அண்ணன் மனைவி. ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவர். நாத்தனார், என் கணவரின் அக்கா. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள் வெளிநாட்டில், தனியாக இருக்கிறார். இந்த இருவருக்கும் கீரிக்கும் பாம்புக்கும் உள்ள பொருத்தம். காரணம் ஒரு சுவர்க் கடிகாரம். நாத்தனார் புது வீட்டுக்குப் போனபோது அண்ணி கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்த கடிகாரம், பெட்டி பிரிக்கப்படாமலே வேறு யார் வீட்டுக்கோ பரிசாகப் போய்விட்டது. அது கைமாறிக் கைமாறி, கடைசியில் அண்ணி மகளின் பிறந்தநாளுக்கு அண்ணி வீட்டுக்கே வந்து சேர்ந்தது. உள்ளே அண்ணி கைப்பட எழுதிய வாழ்த்து அப்படியே இருந்தது. அன்றைக்கு நின்ற பேச்சு, ஒன்பது வருடமாக நின்றது. எந்த விசேஷத்திலும் ஒருவர் கூடத்தில் இருந்தால் மற்றவர் சமையலறையில் இருப்பார்.

நான் பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுக்கிறேன் என்றால், வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்த பையன்கள் இரண்டு பேர் அதே துறையில் நிரந்தரமாகிவிட்டார்கள். என் மேஜை நகலெடுக்கும் இயந்திரம் இருக்கும் அறையில் இருக்கிறது. யாருக்கு நகல் வேண்டும் என்றாலும் நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்து வழிவிட வேண்டும். காகிதம் தீர்ந்துபோனாலும் என்னிடம்தான் கேட்பார்கள். முனைவர் பட்டம் வாங்கியது இதற்குத்தானா என்று நானும் அந்த இயந்திரத்திடம் பலமுறை கேட்டிருக்கிறேன்.

என் ஆராய்ச்சி தொலைக்காட்சி விவாதங்களைப் பற்றியது. நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒருவரையும் பேசவிடாமல் நடத்துகிறார்களே, அந்த நிகழ்ச்சிகள்தான். பேசிக்கொண்டிருக்கும் விருந்தினரை நெறியாளர் குறுக்கே வெட்டுகிறார். அந்த நொடியில் வெட்டுப்பட்டவர் முகத்தில் என்ன நடக்கிறது? ஆண்கள் பெரும்பாலும் குரலை உயர்த்துவார்கள். பெண்கள் பெரும்பாலும் சிரிப்பார்கள். வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து அந்தச் சிரிப்பை நான் நான்காகப் பிரித்தேன். ஒன்று, நிஜமாகவே சிரிப்பு வந்து சிரிப்பது. இரண்டு, சபை மரியாதைக்குச் சிரிப்பது. மூன்று, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுச் சிரிப்பது. நான்கு, 'இரு, உன்னை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்' என்று சிரிப்பது. நாலாவது ரொம்ப அபூர்வம். மூன்றாவதுதான் கொட்டிக் கிடந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நெறியாளர் அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார். பார்க்கிறவர்களும் அப்படியே நம்புகிறார்கள்.

இதை என் கண்ணுக்குத் தோன்றியது என்று எழுதினால் எந்த ஆய்விதழும் சீந்தாது. எங்கள் துறையில் இதற்கு ஒரு முறை உண்டு. ஒரே காட்சித் துண்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, கலந்து பேசாமல், எண் போட வேண்டும். இருவர் எண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போனால், இது ஒருத்தியின் கற்பனை இல்லை, பழகிய கண் யாருடையதானாலும் காண்கிற விஷயம் என்று அர்த்தம். கலந்து பேசிவிட்டாலோ அத்தனையும் குப்பை, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய பரீட்சை மாதிரி. முதலில் இரண்டு மாணவிகளை வைத்தேன். கேன்டீனில் ஒரே மடிக்கணினியின் முன்னால் தோளோடு தோள் உரசிக்கொண்டு எண் போட்டுக்கொண்டிருந்தவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

அன்று பஸ்ஸில் வரும்போதுதான் பளிச்சென்று தோன்றியது. வலிக்கவில்லை என்று சொல்லிச் சிரிக்கிற முகங்களைத் தினமும் பார்க்கிறவர் அண்ணி. முகமே தெரியாமல் குரலை வைத்தே ஆளை எடைபோட்டு வாழ்ந்தவர் நாத்தனார். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த இருவரும் செத்தாலும் பேசிக்கொள்ள மாட்டார்கள். எங்கே தேடினாலும் கிடைக்குமா இப்படி ஒரு ஜோடி?

இருவரும் சம்மதித்தார்கள். சனிக்கிழமை அண்ணிக்குப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை நாத்தனாருக்கு. ஆறு மாதம் ஆயிற்று கண் பழக. ஆரம்பத்தில் இருவர் எண்ணும் கிழக்கும் மேற்குமாக இருந்தது. பிறகு மெல்ல மெல்ல ஒத்துப்போகத் தொடங்கி, கடைசியில் பத்துத் துண்டுக்கு ஒன்பது ஒரே எண். இந்தத் துறையில் அது கனவில்கூடக் கிடைக்காது. பெரிய ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அதன் முதல் வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது: 'மூன்றாவது சிரிப்பு சம்மதம் அல்ல.' கருத்தரங்குகளில் நான், எண் போட்டவர்கள் இருவரும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்று சொல்வேன், அரங்கமே சிரிக்கும். அது ஒன்றாம் எண் சிரிப்பு.

அந்தக் கட்டுரையை வைத்துத்தான் என் பெயர் நிரந்தரப் பணிக்கான நேர்காணலுக்கு வந்தது. இந்த முறை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் விண்ணப்பிக்கவே முடியாது. கட்டுரை இல்லாவிட்டால் அந்த அறைக்குள் போய் உட்காருவதற்கே எனக்கு முகாந்திரம் கிடையாது. துறைத் தலைவர் என் மேஜைக்கே வந்து, இனி நீங்கள் நகல் இயந்திரத்தோடு குடித்தனம் பண்ண வேண்டியதில்லை என்றார்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்.

நாத்தனாருக்குப் பித்தப்பையில் கல். அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் வகுப்பை மாற்றிக்கொண்டு பார்க்கப் போனேன். அறைக் கதவைத் திறந்தால், கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டுக்கொண்டு அண்ணி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறார். நாத்தனார் தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதே, பிய்ந்துவிடும் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்கு என் கட்டுரைதான் கண்முன் வந்தது.

எப்போதிலிருந்து பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். பயிற்சி முடிந்து வேலை ஆரம்பித்த கொஞ்ச நாளிலிருந்தே என்றார்கள். நான் கேட்கவே இல்லையாம், அதனால் சொல்லவில்லையாம். அண்ணி ஒரு சுளையை நாத்தனார் கையில் வைத்துவிட்டு விளக்கினார்.

"ஒரு துண்டுல அந்தம்மா சிரிச்சது ரெண்டா மூணான்னு எனக்குப் பிடிபடவே இல்ல. யாரக் கேக்கறது? உன்னக் கேட்டா சொல்லக் கூடாதுங்கற. உங்க அண்ணனக் கேட்டா சேனல மாத்திடுவாரு. இந்தச் சிரிப்பப் பத்தித் தெரிஞ்ச ஆளு உலகத்துலயே இன்னும் ஒருத்தர்தான் இருந்தாங்க. அதான், வர்றது வரட்டும்னு ஃபோனப் போட்டுட்டேன்."

அன்று தொடங்கியது நிற்கவில்லை. மத்தியானம் பல் மருத்துவமனையில் கூட்டம் ஓய்ந்ததும் அண்ணி கூப்பிடுவார். ஒவ்வொரு துண்டுக்கும் வாதம். இது மூன்றுதான், என் மாமியார் என் சமையலை விருந்தாளிக்கு முன்னால் குறை சொன்னபோது நான் சிரித்தேனே, அதே சிரிப்பு என்பார் ஒருவர். இல்லை, அது இரண்டு, உதட்டைப் பார்க்காதே, தொண்டையைப் பார் என்பார் மற்றவர். இப்படித் தொலைக்காட்சியில் வந்த பெண்களின் சிரிப்பை அளக்கப் போய், தங்கள் சிரிப்பையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டார்கள். கடிகாரமும் அதில் வந்தது. அதைத் தூக்கி நண்பருக்குக் கொடுத்தது நாத்தனாரின் கணவராம். மனைவியைக் கேட்கவும் இல்லை, கொள்ளவும் இல்லை. ஊர் முழுக்க நாத்தனாரைப் பேசியபோது, போனவரை எதற்குக் காட்டிக்கொடுப்பானேன் என்று அவர் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டார்.

"அது என்ன எண்ணுன்னு நான் சொல்லணுமா?" என்றார் அண்ணி என்னிடம்.

எண் போடுவது பேசுவதற்கு முன்பா பின்பா என்று கேட்டேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"பேசி ஒத்துவந்த பிறகுதான். ஒரே எண்ணு வர்ற வரைக்கும் விடமாட்டோம். உன் பேர்ல தப்பு வந்துடக் கூடாதில்ல," என்றார் நாத்தனார், பெருமையாக.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கு வந்த கதை கேட்டிருக்கிறேன். இங்கே குரங்கு பிடிக்க இரண்டு பிள்ளையார் வந்து உட்கார்ந்திருந்தார்கள், யார்மேல் கோபப்படுவது? ஆனாலும் கோபம் வந்தது. பேசக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை என்பதுதான் இதில் அநியாயம். ஒன்பது வருடமாகப் பேசாதவர்களிடம் போய் யார் அதைச் சொல்வார்கள்? கேன்டீன் மாணவிகளிடம் ஆயிரம் முறை சொன்ன விதியை, இவர்களிடம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சண்டையை நம்பியதால் விதியை மறந்தேன்.

விஷயத்தைக் கணவரிடம் சொன்னேன். அக்காவும் உன் அண்ணியும் பேசுகிறார்களா என்று அவர் முதலில் மகிழ்ந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இது யாருக்குத் தெரியப் போகிறது, நீயாகச் சொன்னால்தானே என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறீர்களா என்றேன். சோறு நிறைய இருந்தால் மறைக்கலாம் என்றார். அன்று அவரோடு நான் பேசவில்லை.

துறைத் தலைவரிடம் மறைக்கவில்லை. அவர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரு வழி சொன்னார். புதிய துண்டுகளை எடுங்கள். அதே இருவர், கலந்து பேசாமல் மறுபடி எண் போடட்டும். இரண்டு மாதம் போதும், நேர்காணலுக்கு முன் முடிந்துவிடும். எண் எவ்வளவு இறங்கினாலும் இறங்கட்டும், உள்ளதைப் போட்டுக் கட்டுரையைத் திருத்திவிடலாம், யாரும் குறை சொல்ல முடியாது. வேறு ஆட்களைப் பழக்க ஆறு மாதமாகும், அவ்வளவு நேரம் உங்களுக்கு இல்லை. கடைசியாக ஒன்று சொன்னார்.

"அவங்க ரெண்டு பேரும் அந்த ரெண்டு மாசமும் பேசவே கூடாது. ஒரு வார்த்தை கூட. அப்பதான் உங்களால நெஞ்சுல கை வெச்சு எழுத முடியும்."

எனக்கு உயிர் வந்தது. ஒன்பது வருடம் இருந்தவர்களுக்கு இரண்டு மாதம் ஒரு விஷயமா?

மறுநாள் சாயங்காலமே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அண்ணி வேலை முடிந்து நேராக அங்கேதான் வந்திருந்தார். நாத்தனார் வீடு திரும்பியதிலிருந்து தினமும் அப்படித்தானாம். நாத்தனார் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்த மூலையில் சோப்பு போகவில்லை பார் என்று மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். நான் உட்காராமலே விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

நாத்தனார் பாதியிலேயே புரிந்துகொண்டார். முகம் மாறியது.

"ரெண்டு மாசமாம்மா? இப்பத்தான் எனக்குப் பேச ஒரு..."

"அக்கா, ஒரு நிமிஷம், நான் முடிச்சுடறேன்," என்றேன்.

நேர்காணலைப் பற்றிச் சொன்னேன். வயது வரம்பு, நகல் இயந்திரம், என்னிடம் படித்த பையன்கள், எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணி குழாயைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அதில்லை, அவங்க உடம்பு இருக்கிற இருப்பில் என்று ஏதோ ஆரம்பித்தார். உடம்புக்கு நான் ஆள் வைக்கிறேன் அண்ணி, அது பிரச்சினையே இல்லை என்று வெட்டினேன். நேரமில்லை என்றேன். எனக்காகத்தானே கேட்கிறேன், செய்ய மாட்டீர்களா என்றேன்.

நாத்தனார் சிரித்தார். அண்ணியும் சிரித்தார்.

"சரிம்மா. ரெண்டு மாசந்தானே," என்றார் நாத்தனார். அண்ணி தலையாட்டிவிட்டுத் திரும்பிப் பாத்திரத்தைத் தேய்த்தார்.

முடிந்தது. சம்மதம் கிடைத்துவிட்டது. நான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன், செருப்பையும் ஒரு காலில் போட்டுவிட்டேன். அதற்குமேல் கால் நகரவில்லை. எத்தனை ஆயிரம் சிரிப்பு பார்த்த கண் இது. நிறுத்தி, திருப்பி, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்த கண். உதட்டில் எவ்வளவு, கண்ணில் எவ்வளவு, தொண்டை எந்த நொடியில் ஏறி இறங்கியது என்று இவர்களுக்கே சொல்லிக்கொடுத்தவள் நான்தான். குறுக்கே வெட்டியவளும் நான்தான்.

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் கட்டுரை பிழைக்கும். ஆனால் அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியமே இது சம்மதம் இல்லை என்கிறது. நான் எழுதியதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நான் எழுதியதை நானே நம்பக் கூடாது. நெறியாளர்களைத் திட்டித் திட்டி ஒரு வாழ்க்கையை ஓட்டியவளுக்கு இப்படி ஒரு இடத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒரு நெறியாளர் இந்த இடத்தில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். எனக்கும் அதற்கு ஆசையாகத்தான் இருந்தது. வாசல் இரண்டடியில் இருந்தது.

செருப்பைக் கழற்றினேன்.

"வேண்டாம்க்கா. நீங்க பேசுங்க. நான் கட்டுரையத் திருப்பி வாங்கிக்கறேன்."

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். அப்படியென்றால் நேர்காணல் என்னாவது, வேலை என்னாவது என்று நாத்தனார் பதறிக்கொண்டு எழப் போனார். குனியக் கூடாது என்றால் இப்படி எழவும் கூடாது என்று அண்ணி ஈரக்கையோடு வந்து தோளைப் பிடித்து உட்காரவைத்தார். எங்களால்தானே எல்லாம் என்று நாத்தனார் ஆரம்பித்தார். அந்தப் பேச்சை வளரவிட எனக்கு மனமில்லை. போனால் போகிறது, இத்தனை வருடம் அந்த வேலையை வைத்துக்கொண்டா வாழ்ந்தேன், அந்த இயந்திரத்தை விட்டுப் பிரிய எனக்கும் மனசில்லை என்று சொல்லிவிட்டு நான் சிரித்தேன்.

"மூணு," என்றார் அண்ணி.

"மூணு," என்றார் நாத்தனார்.

ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு குரலும் ஒன்றாகத்தான் வந்தன. கலந்து பேச அவர்களுக்கு நேரமே இருக்கவில்லை.

கைப்பையைத் தோளிலிருந்து கழற்றினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி போய்க் குழாயை முழுக்க மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாத்தனார் ஸ்டூலை இன்னும் கிட்டே நகர்த்திக்கொண்டார்.

"எனக்கு அந்த வேல வேணும் அண்ணி," என்றேன். "ரொம்ப வேணும். எவ்வளவு வேணும்னு நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல."

சொல்லு என்றார் நாத்தனார். சொன்னேன். பட்டம் வாங்கிய நாளிலிருந்து ஆரம்பித்தேன், அதனால் நேரம் பிடித்தது. நடுநடுவே அழுதேன், கோபப்பட்டேன், சொன்னதையே திரும்பச் சொன்னேன். நான் முடிக்கும்வரை இருவரும் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.